நீண்ட ஆயுளுக்கு உணவு ஒன்றே காரணமா?

ஒரு பகுதி மக்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்கின்றனர் என்ற செய்தி பரவியவுடன், அவர்கள் என்ன உண்கிறார்கள் என்ற கேள்வியே முதலிற் பிறக்கிறது. எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பிழைக்கின்றன, அவர்கள் சொல்லும் வயது சரிதானா என்று கேட்பவர் அரியர். உணவு கண்ணுக்குத் தெரிவது. பிறரால் பின்பற்றக் கூடியது. விலைக்கு விற்கவும் கூடியது. மற்றவை அவ்வாறல்ல. ஆகையால் ஆயுளைப் பற்றிய பேச்செல்லாம் உணவைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. கிராமங்களில் சுகாதாரப் பிரசாரம் செய்யும் ஊழியர்களும் வகுப்பில் உணவுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். இவ்விஷயத்தில் நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதே அளவுக்குத் தவறாகப் புரிந்துகொள்ளவும் பட்டது. அதிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கில்கிட்டும் குன்னூரும்

ராபர்ட் மக்காரிஸன் 1901-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தவர். 1904 முதல் 1911 வரை வடமேற்குக் கோடியிலுள்ள கில்கிட்டில் வைத்திய அதிகாரியாக இருந்தார். அதற்கு வடக்கே காரகோரம் மலைத் தொடருக்கிடையில் ஹுன்ஸா என்னும் சிறு பள்ளத்தாக்கு உள்ளது. 1947-க்குப் பின் பாகிஸ்தான் வசம் இருக்கும் இப்பகுதி அக்காலத்தில் தனிச் சிற்றரசு. மக்கள் மலைச் சரிவில் படிக்கட்டுப் போல் வயல் அமைத்து, பனியாற்று நீரை நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து கோதுமை, பார்லி, சிறுதானியங்கள் ஆகியவற்றைப் பயிரிட்டனர். ஆப்ரிகாட் பழத்தை உலர்த்தி வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் உண்டனர். மோரும் காய்கறியும் உண்டு, இறைச்சி அருமை. இம்மக்களின் உடற்கட்டையும் நோயின்மையையும் கண்டு மக்காரிஸன் வியந்தார். அவர்களுடைய ஆயுளும் மிக நீண்டது என்று 1921-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் குறிப்பிட்டார்.

அச்சொற்பொழிவை ஊன்றிப் படிப்போர் இரண்டு செய்திகளைக் காண்பர். முதலாவது, அம்மக்களின் நலத்துக்கு மக்காரிஸன் கூறிய காரணம் ஒன்றல்ல. குழந்தைகள் தாய்ப்பாலில் வளர்கின்றன, மக்கள் பதப்படுத்தாத இயற்கை உணவை உண்கின்றனர், மது அருந்துவதில்லை, உடலை வருத்தி உழைக்கின்றனர் என்று நான்கு காரணங்களை அவர் எடுத்துரைத்தார். பின்வந்தோர் இந்நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைக் கைவிட்டனர். இரண்டாவது, தாம் அளித்த சிகிச்சைகள் என்று அவர் கூறியவற்றுள் காயங்களோடு முதியோரின் கண்புரையும், இமைகளைத் தாக்கும் டிரக்கோமா நோயும் இடம் பெற்றன. ஆகவே நோயே இல்லாத நாடு என்று அவரும் சொல்லவில்லை.

1918-இல் மக்காரிஸன் நீலகிரியிலுள்ள குன்னூருக்கு வந்து, பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். பின்னாளில் ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த அமைப்பின் தோற்றுவாய் இதுவே. தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சி இங்குச் சிறந்து நடந்தது. அதைவிடப் பொதுமக்களிடையே பெயர் பெற்றது இந்திய உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட சோதனையே. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், சென்னையர் ஆகிய ஏழு பிரிவினரின் வழக்கமான உணவுகள் ஏழு கூட்டம் எலிகளுக்கு அளிக்கப்பட்டன. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கிய உணவை உண்டவை சராசரி சுமார் 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாகவும், பால் மிகக் குறைவாகவும் இருந்த சென்னை உணவை உண்டவை சுமார் 155 கிராமோடு நின்றன. தமிழர்க்கு இது மகிழ்ச்சியான முடிவன்று. ஆயினும் சரியான முடிவே.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

சீக்கிய உணவை ஒட்டிய உணவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை மக்காரிஸன் ஈராண்டுகளுக்கு மேல் வளர்த்துவந்தார். நோயும் இயற்கை மரணமும் அவற்றிடையே அனேகமாக இல்லை. இதைப் படித்த பலர், அவ்வுணவு நூறாண்டு ஆயுளைத் தரும் என்று கொண்டனர். ஆனால் எலியின் ஈராண்டு மனிதனின் சுமார் ஐம்பது வயதுக்குச் சமம் என்று மக்காரிஸனே கணக்கிட்டிருந்தார். அவ்வளவில் சோதனை முடிந்தது. ஐம்பதுக்குமேல் என்ன நிகழும், எத்தனை எலிகள் முதுமையின் எல்லையைத் தொடும் என்பது அச்சோதனையின் கேள்வியே அன்று. நல்ல உணவு வளர்ச்சிக்கும் நடுவயது வரையிலான நலத்துக்கும் உதவும் என்பதற்கு அது உறுதியான சான்று. நெடிய ஆயுளுக்கு அதைச் சான்றாகக் கொள்வது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலைக் காட்டி இவர்கள் அனைவரும் மருத்துவர் ஆவர் என்பதைப் போன்றது.

மேலும் அவ்வெலிகள் வாழ்ந்த இடத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். கூண்டுகள் நாள்தோறும் தூய்மை செய்யப்பட்டன. வெயிலும் காற்றும் நல்ல தண்ணீரும் புதிய வைக்கோலும் குறைவின்றிக் கிடைத்தன. கெட்ட உணவு பெற்ற எலிகளுக்கும் இவ்வசதிகள் ஒன்றுபோலவே இருந்தன. ஆராய்ச்சி முறையில் இது மிகச் சரியானது. உணவைத் தவிர மற்றவை சமமாக இருந்தாலன்றி உணவின் பலன் இன்னதென்று பிரித்தறிய முடியாது. ஆயின் மனிதர் வாழும் ஊர்களில் மற்றவை ஒருநாளும் சமமாக இருப்பதில்லை. நல்ல கூண்டில் உணவு ஒன்றே வேறுபாட்டை உண்டாக்கியது என்பதனால், சேரியிலும் மலையிலும் மாநகரிலும் உணவு ஒன்றே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது.

எலிகளைக் கொண்டே வந்த மற்றொரு முடிவு இவ்விஷயத்தை இன்னும் சிக்கலாக்கியது. 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்கே என்பவரும் அவருடைய துணைவர்களும், உயிர்ச்சத்தும் தாதுவும் குறையாமல், ஆனால் மொத்த உணவின் அளவைக் குறைத்து எலிகளை வளர்த்தனர். அவை மெதுவாக வளர்ந்தன, சிறியனவாகவே இருந்தன. எனினும் வயிறார உண்டு விரைந்து வளர்ந்த எலிகளைவிட அவை நெடுநாள் வாழ்ந்தன. குன்னூரில் பெரிதாக வளர்தல் நலத்தின் அளவுகோலாக இருந்தது; கார்னெலில் அதே அளவுகோல் ஆயுளுக்குப் பொருந்தாமற் போயிற்று. விரைந்து வளர்வதும் நீண்டு வாழ்வதும் ஒரே குணமல்ல என்பது இவ்விரு சோதனைகளையும் அருகருகே வைத்தால் விளங்கும். குறைவாக உண்டால் மனிதரும் நீண்டு வாழ்வர் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் முற்கூறிய பிழையின் மறுபக்கமே.

ஹுன்ஸாவில் தங்கியவர்கள் கண்டது

மக்காரிஸனின் சொற்கள் மேல்நாடுகளில் பரவின. 1938-இல் ரெஞ்ச் என்பவரும், 1948-இல் அமெரிக்கரான ரோடேல் என்பவரும் ஹுன்ஸா மக்களின் நலத்தை வியந்து தனித்தனி நூல் வெளியிட்டனர். ரோடேல் அந்தப் பள்ளத்தாக்கை நேரிற் கண்டவர் அல்லர். பின்னர் வந்த நூல்களில் வயது 100 என்பது 120 ஆயிற்று. 120 என்பது 140 ஆயிற்று.

அங்கேயே தங்கி வாழ்ந்தவர்களின் எழுத்து வேறுவிதமானது. புருஷாஸ்கி மொழியை ஆராய்ந்த லோரிமர் 1934-35-இல் தம் மனைவியுடன் ஹுன்ஸாவில் குடியிருந்தார். அவர் மனைவி எமிலி லோரிமர் 1939-இல் வெளியிட்ட நூலில் அம்மக்களை அன்போடு வருணிக்கும்போதே, வசந்த காலத்தில் பழைய தானியம் தீர்ந்து புதிய அறுவடை வருவதற்கு முன் ஏற்படும் பட்டினியையும், அப்போது குழந்தைகளின் உடலிற் காணும் புண்களையும் மறைக்கவில்லை. அமெரிக்க நிலவியலறிஞர் ஜான் கிளார்க் 1950-ஐ ஒட்டி அங்கு இருபது மாதம் வாழ்ந்து, சிறு மருந்தகம் ஒன்றை நடத்தினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருந்து பெற்றனர். மலேரியாவும் சீதபேதியும் குடற்புழுவும் டிரக்கோமாவும் அங்கே மலிந்திருந்தன என்று அவர் 1956-இல் வெளியான தம் நூலில் எழுதினார். வயதைப் பற்றி அவர் தந்த விளக்கம் மிக முக்கியமானது. அம்மக்கள் வயதை ஆண்டுக் கணக்காகச் சொல்வதில்லை. ஒருவர் பெற்ற அறிவையும் மதிப்பையும் கொண்டே அவருடைய வயதை மதிப்பிட்டனர். புருஷாஸ்கி அக்காலத்தில் எழுதப்படாத மொழி. பிறப்புப் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் 120 என்பது எண் அன்று, மரியாதைச் சொல்.

இருவர் கண்டதும் ஒரே நாடு. அப்படியாயின் மக்காரிஸன் கண்டது பொய்யா? அல்ல. வைத்தியர் கில்கிட்டில் இருக்கிறார். நோயாளி பல நாள் நடந்து மலையிறங்கி அவரை அடைய வேண்டும். நடக்கக் கூடியவர் மட்டுமே வந்திருப்பர். முதலாண்டிலேயே இறந்துபோன குழந்தைகள் எந்த வைத்தியர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டா. கடுங்குளிரும் பட்டினியும் நோயும் நலிந்தவர்களை இளமையிலேயே நீக்கிவிட்டால், எஞ்சி நிற்போர் உரம் பெற்றவராகவே காட்சியளிப்பர். எஞ்சியவரைக் கண்டு நாட்டை மதிப்பிடுதல் கள ஆராய்ச்சியில் எளிதில் நேரும் பிழை.

இதே மக்காரிஸன் கில்கிட்டில் செய்த மற்றோர் ஆராய்ச்சியை இங்கு நினைவூட்டலாம். ஒரே நீரோட்டத்தை நம்பி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த கிராமங்களில் முன்கழுத்துக் கழலை நோயை அவர் கணக்கெடுத்தார். மேற்கிராமத்தில் குறைவாக இருந்த நோய் கீழே போகப் போக மிகுந்தது; தனி ஊற்றிலிருந்து நீர் பெற்ற கிராமத்தில் அது அரிதாக இருந்தது. இக்கிராமங்களின் உணவு அனேகமாக ஒன்றே. கழலைக்கு முதற்காரணம் அயோடின் குறைவு என்பது பின்னர் உறுதிப்பட்டது. நீர் மாசடைதல் பற்றிய அவருடைய விளக்கம் அவ்வளவில் நிலைக்கவில்லை. ஆனால் உணவு ஒன்றாக இருக்கும்போது நோய் ஏன் வேறுபடுகிறது என்று கேட்ட அந்தக் கேள்வி சிறந்த கேள்வி.

வயது என்னும் இடறு

ஹுன்ஸாவுக்கு நேர்ந்ததே தென் அமெரிக்காவில் எக்குவடார் நாட்டு வில்கபம்பா கிராமத்துக்கும் நேர்ந்தது. ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் லீப் 1973-இல் எழுதிய கட்டுரையால் ஹுன்ஸா, வில்கபம்பா, காக்கஸஸ் மலைப்பகுதியிலுள்ள அப்காஸியா ஆகிய மூன்றும் ஒருங்கே புகழ் பெற்றன. மேஸஸ், போர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வில்கபம்பாவின் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, ஒரே பெயர் தாத்தாவுக்கும் மாமனுக்கும் பேரனுக்கும் வழங்கிய சிக்கலைப் பொறுமையோடு அவிழ்த்து, 1979-இல் முடிவை வெளியிட்டனர். நூறு வயது எய்தியவர் அக்கிராமத்தில் ஒருவர் கூட இல்லை. மிக முதியவரின் வயது 96. நூற்றைக் கடந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களின் உண்மையான சராசரி வயது 86. எழுபதைத் தாண்டிய பின் வயதைக் கூட்டிச் சொல்வது அங்கு வழக்கம். சிலர் நாலைந்து ஆண்டுகளில் பத்தாண்டுக்குமேல் மூத்துவிட்டனர். கிராமத்தில் முதியோர் மிகுந்து காணப்பட்டதற்கும் எளிய காரணம் இருந்தது: இளையோர் பிழைப்பைத் தேடி வெளியேறியிருந்தனர்.

வயதில் நேரும் சிறு பிழை பெரும் மயக்கத்தை விளைவிப்பது எவ்வாறு என்பதைக் கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்காகக் காட்டலாம். ஒரு மாவட்டத்தில் எண்பது வயதை ஒட்டியவர் 10,000 பேர். உண்மையில் நூறு வயதானவர் 10 பேர் என்று கொள்க. எண்பதை ஒட்டியவர்களில் 200-க்கு ஒருவர் மட்டும் தம் வயதை நூறு என்று எழுதிக்கொண்டால் 50 போலி நூற்றாண்டினர் தோன்றுவர். ஏட்டில் இருப்பவர் 60. அவர்களில் 50 பேர் போலி. அந்த 60 பேரின் உணவை ஆராய்வோர் நீண்ட ஆயுளின் உணவையன்று, வயதைப் பிழையாகச் சொல்வோரின் உணவையே ஆராய்கின்றனர். பதிவு சிறந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2010-இல் ஜப்பானில் ஆராய்ந்தபோது, குடும்பப் பதிவேடுகளில் உயிரோடு இருப்பதாகக் காட்டப்பட்ட நூறு வயதினரில் சுமார் 2,34,000 பேர் இருக்குமிடம் தெரியாதவர்கள் என்று கண்டனர். பலர் எப்போதோ இறந்தவர், இறப்புத்தான் பதிவாகவில்லை.

நம் நாட்டிலும் இதற்குத் தெரிந்த உதாரணம் உண்டு. ஜலந்தர் மாவட்டத்தில் பிறந்து முதுமையில் மாரத்தான் ஓட்டத்தாற் புகழ் பெற்ற பௌஜா சிங் 2011-இல் கனடாவில் டொரொன்டோ நகர ஓட்டத்தை நிறைவு செய்தார். நூறு வயதில் மாரத்தானை முடித்த முதல் மனிதர் என்று உலகம் பாராட்டியது. 1911-ஐக் குறிக்கும் கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. அக்காலத்துப் பிறப்புச் சான்று இல்லாமையால் கின்னஸ் பதிவு கிடைக்கவில்லை. அவருடைய ஓட்டத்தின் பெருமை இதனாற் குறைவதில்லை. அவர் 2025 ஜூலையில் காலமானார்.

வயதுக் கணக்கின் தரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வயது தெரியாதவர் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதையே சொல்வர். 23 முதல் 62 வரையுள்ள நாற்பது வயதுகளில் இவ்வாறு முடிவன எட்டு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எனவே அவ்வயது வரம்பில் 400 பேர் இருந்தால், அவற்றில் சுமார் 80 பேர் இருப்பது இயல்பு. 160 பேர் காணப்பட்டால் குறியீடு 200, இயல்பானது 100. விப்பிள் குறியீடு என்று பெயர் பெற்ற இது 175-ஐத் தாண்டினால் அவ்வூரின் வயதுக் கணக்கை நம்பி ஆயுளைப் பற்றி எதுவும் சொல்லாதிருத்தல் நன்று.

சராசரி ஆயுள் சொல்லும் கதை

நூற்றாண்டினரின் எண்ணிக்கை, முதியோரின் விகிதம், சராசரி ஆயுள் ஆகிய மூன்றும் வேறு வேறு. பேச்சில் இவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பார்ஸி சமூகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். இதைக் கொண்டு அவர்களுடைய உணவை ஆராயப் புகுவது வீண். 1941-இல் ஒரு லட்சத்துக்கு மேலிருந்த அச்சமூகம் 2011-இல் 57,264 ஆகச் சுருங்கியது. பிறப்புகள் மிகக் குறைந்தன. குழந்தைகள் குறைந்தால், ஒருவருடைய ஆயுளும் ஒரு நாள் கூடாமலே, முதியோர் விகிதம் உயர்ந்துவிடும்.

சராசரி ஆயுளோ பெரும்பாலும் குழந்தைகளின் சாவைப் பொறுத்தது. பிறந்த பத்துப் பேரில் மூவர் முதலாண்டிலேயே இறந்து, எஞ்சிய எழுவரும் 60 வயது வரை வாழ்ந்தால் சராசரி 42. ஒருவர் மட்டும் இறந்து ஒன்பதின்மர் 60 வரை வாழ்ந்தால் சராசரி 54. இரண்டு ஊரிலும் அறுபதைக் கடந்தவர் எவருமில்லை. ஆயினும் சராசரி பன்னிரண்டு ஆண்டு கூடிவிட்டது. இந்தியாவில் 1941-51-இல் சுமார் 32 ஆக இருந்த சராசரி ஆயுள் அடுத்த பத்தாண்டில் 41-ஐத் தாண்டியது. அப்பத்தாண்டில் மக்களின் உணவில் அதற்கு ஈடான மாற்றம் எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்தது வேறு. 1953-இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைத் தாக்கி 8 லட்சம் உயிர்களைக் கவர்ந்ததாக மதிப்பிடப்பட்ட நோய், 1960-களின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்கு ஒடுங்கியது. அது பின்னர் மீண்டும் தலையெடுத்தது தனிக் கதை.

இப்போது குன்னூர் எலிகளின் வரிசையை மனிதரின் வரிசையோடு ஒப்பிடலாம். எலிச் சோதனையில் பஞ்சாப் உணவு முதலிடம்; சென்னை உணவு கடைசி இடம். புதுடில்லியிலுள்ள இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறையின்படி 2020-இல் 1,000 பிறப்புகளுக்குச் சிசு மரணம் பஞ்சாபில் 18, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. நாடு முழுவதற்கும் 28. அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் மீனும் உண்ணும் கேரளத்தில் 2015-19-இல் சராசரி ஆயுள் 75.2, அகில இந்தியச் சராசரி 69.7. தமிழ்நாடும் பஞ்சாபும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கின்றன. மக்காரிஸனின் சோதனை தவறு என்பது இதன் பொருள் அன்று; தமிழ்நாட்டு உணவு திடீரென்று பஞ்சாப் உணவை வென்றுவிட்டது என்பதும் அன்று. பெண்கள் எழுத்தறிவு, பிரசவத்துக்கு மருத்துவமனை, தடுப்பூசி, எட்டும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை உணவு வரிசையைத் தலைகீழாக மாற்றப் போதுமானவையாக இருந்தன. திருவிதாங்கூர் அரசு 1879-லேயே அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் அம்மைக் குத்தலைக் கட்டாயமாக்கியது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

டில்லி இன்னும் விசித்திரமானது. 2015-19-இல் 75.9 என்ற சராசரி ஆயுளோடு அது கேரளத்தையும் முந்தியது. டில்லி உணவு என்று ஒன்று உண்டா? பஞ்சாபிலிருந்து 1947-இல் வந்தவர்களும், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களும், கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழரும் அவரவர் உணவையே உண்கின்றனர். குளிர்காலத்தில் அங்கு மூச்சுவிடும் காற்றோ ஆயுளுக்கு உகந்தது என்று எவரும் சொல்லார். பெரிய மருத்துவமனைகளும் உயர்ந்த வருவாயும் கல்வியும் ஒரு பக்கம். மற்றொரு பக்கம், உழைக்கும் உடலுரம் உள்ளவரே பெரும்பாலும் ஊரை விட்டுத் தலைநகருக்கு வருகின்றனர். உடல் தளர்ந்தபின் சொந்த ஊர் திரும்புவோரும் பலர். அவர்களுடைய சாவு டில்லிக் கணக்கில் ஏறாது. இவ்வாறான இடப்பெயர்ச்சியைக் கழிக்காமல் ஒரு நகரின் ஆயுளை அந்நகர வாழ்க்கையின் பலன் என்பது வில்கபம்பாவின் பிழையையே வேறு வேடத்திற் செய்வதாகும்.

உணவின் பங்கை எவ்வாறு பிரிப்பது

இவ்வளவும் கேட்டபின் உணவு முக்கியமல்ல என்று எவரேனும் கொண்டால் அது பெருந்தீங்கு. பெரிபெரியும் மாலைக்கண்ணும் இரத்தசோகையும் உணவுக் குறைவின் விளைவுகளே. கேள்வி வேறு: உணவு தேவையா என்பதல்ல, அது மட்டும் போதுமா என்பதே. நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்ற ஊர்களைப் பார்த்தால் ஜப்பானின் ஒகினாவாவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இத்தாலியின் சார்டினியா மலையில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும், கோஸ்டாரிகாவின் நிகோயாவில் மக்காச்சோளமும் அவரையும் என்று உணவு வேறுபடுகிறது. உணவே காரணம் என்றால் எந்த உணவு? ஒகினாவாவோ மற்றொரு பாடத்தையும் தருகிறது. அங்குள்ள ஆண்களின் சராசரி ஆயுள் 2000-இல் ஜப்பானின் 47 மாநிலங்களில் 26-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் உணவும் மாறியது. நடை குறைந்து மோட்டார் வாகனமும் பெருகியது. இரண்டில் எது எவ்வளவு என்பதை வெறும் ஒப்பீட்டினால் சொல்ல முடியாது.

பிரித்தறிய முயன்ற ஆராய்ச்சிகளும் உண்டு. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆயுளில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால்பங்கே பரம்பரையைச் சாரும். கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரை ஆராய்ந்தோர், அப்பிரிவின் ஆண்கள் மற்றக் கலிபோர்னியரைவிட 7.3 ஆண்டும் பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்வதை 2001-இல் தெரிவித்தனர். அவர்களிற் பலர் மரக்கறி உணவினர். ஆனால் அவர்கள் புகை பிடிப்பதுமில்லை, மது அருந்துவதுமில்லை. ஆகையால் ஆராய்ச்சியாளர்கள் வெளியாரோடு ஒப்பிடுவதோடு நில்லாமல், அச்சமூகத்துக்குள்ளேயே மரக்கறி உண்போரையும் உண்ணாதோரையும், உடற்பயிற்சி செய்வோரையும் செய்யாதோரையும் ஒப்பிட்டனர். உணவுக்கும் பங்கு இருந்தது, உடற்பயிற்சிக்கும் இருந்தது, உடல் எடைக்கும் புகைபிடித்த பழக்கத்துக்கும் இருந்தது. ஒவ்வொன்றும் ஓரிரு ஆண்டுகள். இதுவே நம்பத்தக்க முறை.

இந்தியாவில் இத்தகைய ஆராய்ச்சிக்கு அடிப்படை இப்போதுதான் உருவாகிறது. 2017-18-இல் தொடங்கிய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வு 45 வயதும் அதற்கு மேலுமான 72,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்துள்ளது; அவர்களையே திரும்பத் திரும்பச் சந்திப்பது அதன் நோக்கம். எஞ்சியவரை மட்டும் பார்க்கும் குறை இதில் இராது. இறந்தவரும் கணக்கில் வருவர்.

களத்தில் வயது கேட்கும்போது

முதியவர் ஒருவர் தம் வயது 105 என்று சொன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையும் அன்று, பயனும் அன்று. நிகழ்ச்சிகளைக் கொண்டு கேட்பதே வழக்கமான முறை. டில்லியை அடுத்த கிராமங்களில் 1947-இல் அகதிகள் வந்தபோது அவர் மணமானவரா, மாடு மேய்த்த சிறுவரா என்று கேட்கலாம். இராமநாதபுரக் கரையில் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவருடைய மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்கலாம். பெண்களிடம் முதற் குழந்தையின் வயதையும் கடைசிக் குழந்தையின் வயதையும் கேட்டாலே பல சிக்கல்கள் தீரும். கடைசிக் குழந்தைக்கு 45 வயது என்றால் தாய்க்கு 105 இருத்தல் இயலாது.

தமிழ்நாட்டில் ஜாதகம் ஒரு நல்ல சான்று. ஆனால் அதில் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவிற் கொள்ள வேண்டும்: பிரபவ என்பது 1927-இலும் வந்தது, 1987-இலும் வந்தது. தந்தையின் ஜாதகம் மகனுடையதாகக் காட்டப்படுவதும் உண்டு. சதாபிஷேகம் நடந்த நாளைக் குடும்பத்தார் மறப்பதில்லை. ஆயிரம் பிறை கண்டதைக் குறிக்கும் அச்சடங்கு எண்பதை ஒட்டி நடப்பதால், அன்றிலிருந்து எண்ணுவது எளிது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இவற்றினும் மேலானது என்று பலர் கருதுவர். அதன் குறையை ஆசிரியர்களே நன்கறிவர். பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை ஆசிரியரே எழுதிக்கொண்டார். ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்திற் பிறந்தவராகக் காணப்படுவது இதனால்தான். ஆயினும் இப்பிழை ஓராண்டு, ஈராண்டு அளவினதே. இருபதாண்டுப் பிழையை அது அனுமதிக்காது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் பதிவதை நாடெங்கும் கட்டாயமாக்கியது. 2023-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் பிறப்போர்க்குப் பிறப்புச் சான்றே பள்ளிச் சேர்க்கைக்கும் மற்றப் பலவற்றுக்கும் வயதுக்கான சான்று. அதற்கு முந்திய தலைமுறையினரைப் பொறுத்தவரை, ஊர்ப் பள்ளியின் அலமாரியில் கரையானுக்குத் தப்பியிருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடே பல கிராமங்களில் கிடைக்கக்கூடிய ஒரே எழுத்துச் சான்று.